பசளை மூடையின் கதை: நம் மலைக்கு யார் சோறு போட்டார்கள், எப்போது போட்டார்கள்?



செடிக்கு எப்போது பசளை போடுவது, எவ்வளவு போடுவது என்று கேட்காத வீடு நம் பூண்டுலோயாப் பக்கத்தில் இல்லை. லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தியில் லீக்ஸும் கோவாவும் போஞ்சியும் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். டவுனில் கடைக்குப் பின்னால் சாடியில் ரோஜா வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். இதே கேள்விக்கு நம் மலைகள் ஏறக்குறைய 180 வருடமாகப் பதில் தேடி வருகின்றன. பாடப்புத்தகத்தில் கோப்பி வந்தது, நோய் வந்தது, தேயிலை வந்தது என்று மூன்று வரியில் எல்லாம் முடிந்துவிடும். அந்த மூன்று வரிக்குள் மறைந்திருக்கும் பசளையின் கதையை இன்று கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

*காடு போட்ட முதல் சோறு*

1830கள், 40களில் வெள்ளைக்காரத் துரைமார் கண்டிச் சீமையில் கோப்பி போட ஆரம்பித்தபோது, மண்ணுக்குப் பசளை போட வேண்டும் என்ற யோசனையே பெரிதாக இருக்கவில்லை. ஏன் இருக்க வேண்டும்? பல நூறு வருடமாக உதிர்ந்த இலை மக்கி மக்கிக் கறுத்துக் கிடந்த காட்டு மண் அது. காட்டை வெட்டினார்கள், காய வைத்தார்கள், நெருப்பு வைத்தார்கள். எரிந்த சாம்பலில் பொட்டாசியம் இருந்தது, சுண்ணாம்புச் சத்து இருந்தது. முதல் சில வருடம் கோப்பி அள்ளிக் கொடுத்தது.

ஆனால் அது சேமிப்புப் பணத்தை எடுத்துச் செலவழித்த மாதிரி. செங்குத்தான சரிவில் மேலிருந்து கீழாக வரிசை பிடித்து நட்டார்கள். ஒரு புல் தலைகாட்டக் கூடாது என்று சுரண்டிச் சுரண்டி வெறும் மண்ணாக வைத்தார்கள். தென்மேல் பருவமழை வந்தால் மேல்மண் ஆற்றோடு போனது. சில வருடம் போனதும் மரம் சோர்ந்தது, காய் குறைந்தது. அப்போதுதான் துரைமாருக்கு எருவின் நினைவு வந்தது.

தோட்டத்துக்குத் தோட்டம் மாட்டுப்பட்டி கட்டினார்கள். பத்தனையில் மானாப்புல் அறுத்து வந்து மாட்டுக்கு அடியில் பரப்பினார்கள். சாணமும் மூத்திரமும் ஊறிய அந்தப் புல்தான் அன்றைய பசளை. போதாததற்கு எலும்புத்தூள், ஆமணக்குப் புண்ணாக்கு, பெருவில் இருந்து வந்த குவானோ என்று கப்பலிலும் இறக்கினார்கள். சபோனாடியே என்ற துரை கோப்பித் தோட்டக்காரர்களுக்கென்று 1860களில் எழுதிய கைநூலில் எருவுக்கு முக்கிய இடம் உண்டு. 1879இல் ஜோன் ஹியூஸ் என்ற இரசாயனவியலாளர் இலங்கையின் கோப்பி மண்ணையும் பசளையையும் பற்றி ஒரு தனி அறிக்கையே எழுதினார்.

அந்த எருவை எல்லாம் மலை உச்சிவரை தூக்கிப் போனது யார் என்று எந்தக் கைநூலும் பெயர் சொல்லி எழுதவில்லை. நம் பாட்டன்மார் தலையிலும் முதுகிலும்தான் அது ஏறியது.

*உரம் மருந்தாகுமா?*

1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் தெரிந்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அந்தப் பூஞ்சணத்துக்குப் பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகும் சுமார் பத்து வருடம் புதுக் கோப்பி நட்டுக்கொண்டேதான் போனார்கள். 1870களின் கடைசியில் 2 இலட்சத்து 75 ஆயிரம் ஏக்கர் வரை கோப்பி இருந்தது. மண் சோர்ந்ததால்தான் மரத்துக்கு நோய், நல்லாக எருப் போட்டால் நோய் போகும் என்று பலர் நம்பினார்கள்.

இதை ஆராய 1880இல் மார்ஷல் வோர்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கே அனுப்பப்பட்டார். இரண்டு வருடம் இருந்தார். பூஞ்சணத்தின் வித்துக்கள் காற்றில் பறந்து ஈரமான இலையில் விழுந்து முளைப்பதை அவர் படிப்படியாகக் காட்டினார். மலை மலையாக ஒரே பயிரை இடைவெளி இல்லாமல் நட்டதுதான் அந்த நோய் இப்படிப் பரவ வழிவிட்டது. பசளை போட்டால், இலை உதிர்ந்த மரம் மறுபடி துளிர்க்கப் பலம் கிடைக்கும். காற்றில் வரும் நோயைப் பசளை தடுக்காது.

இன்று நம் வீட்டுத் தோட்டத்துக்கும் இது பொருந்தும். இலையில் புள்ளி விழுந்தால் உடனே ஒரு கைப்பிடி யூரியாவை அள்ளிப் போடுகிறோம். பசியா, நோயா, பூச்சியா என்று முதலில் பார்க்க வேண்டும். நைதரசன் கூடிப்போனால் இலை மிருதுவாகி, சாறு உறிஞ்சும் பூச்சிக்கு விருந்தாகிவிடும்.

பூச்சி என்றதும் நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. எட்வர்ட் ஏர்னெஸ்ட் கிரீன் என்ற தோட்டத்துரை நம் பூண்டுலோயாவில் இருந்துதான் செதில் பூச்சிகளை ஆராய்ந்தார். இலங்கைச் செதில் பூச்சிகள் பற்றி அவர் எழுதிய பெரிய நூல் 1896 முதல் 1922 வரை ஐந்து பாகமாக வந்தது. உலகத்தில் எந்த நாட்டுப் பூச்சி ஆராய்ச்சியாளர் அந்த இனங்களைத் தேடினாலும், முதன்முதலில் எடுக்கப்பட்ட இடம் என்று பலவற்றுக்கு நேராகப் பூண்டுலோயா என்று எழுதியிருப்பதைப் பார்ப்பார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

*தேயிலையின் பசி*

1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். கோப்பி விழ விழத் தேயிலை ஏறியது. 1890களின் நடுவில் 3 இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. கோப்பி சோர்வாக்கிவிட்டுப் போன அதே மண்ணில்தான் பெரும்பகுதித் தேயிலை நடப்பட்டது.

தேயிலைக்கும் மற்றச் செடிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கோப்பியில் பழத்தைப் பறிக்கிறோம். தேயிலையில் செடியின் இளம் தளிரையே வாரா வாரம் பறிக்கிறோம். செடியில் நைதரசன் கூடுதலாக இருக்கும் இடமே அந்தத் தளிர்தான். தேயிலைத் தூளின் எடையில் நூற்றுக்கு 4 பங்கு அளவில் நைதரசன் இருக்கிறது.

வகுப்பில் போடும் கணக்கு ஒன்றை இங்கேயும் போட்டுப் பார்ப்போம். 20 கிலோ பச்சைக் கொழுந்தில் இருந்து ஏறக்குறைய நாலரைக் கிலோ தூள் வரும். அதில் சுமார் 180 கிராம் நைதரசன். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். அப்படியென்றால் ஒரு அம்மா ஒரு நாளில் எடுக்கும் 20 கிலோக் கொழுந்தோடு, கிட்டத்தட்ட 400 கிராம் யூரியாவுக்குச் சமமான நைதரசன் மலையை விட்டு இறங்குகிறது. அது பெக்டரிக்குப் போய், கொழும்புக்குப் போய், எங்கோ ஒரு தூர தேசத்துக் கோப்பையில் கரைகிறது. திரும்பி வருவதில்லை. யாராவது திரும்பக் கொண்டுவந்து போட்டால்தான் உண்டு.

இதை உணர்ந்துதான் கெல்வே பாம்பர் என்ற இரசாயனவியலாளர் 1900இல் இலங்கைத் தேயிலை மண்ணைப் பற்றி அறிக்கை எழுதினார். டடப் என்ற முருக்க மரத்தையும் நம்மவர் சவுக்கு என்று சொல்லும் கிரவில்லியாவையும் தேயிலைக்கு இடையில் நட்டார்கள். டடப் வேரில் நைதரசனைப் பிடித்து வைக்கும் கிருமிகள் வாழ்கின்றன. கிளையை வெட்டிச் செடிக்கு அடியில் போட்டால் மக்கி எருவாகும். நிழலும் கிடைக்கும், மண்ணும் மூடப்படும். இந்த வேலையை எந்தக் கப்பலும் செய்யவில்லை, மரம்தான் செய்தது.

1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் உருவானது. பிறகு தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டம் அதன் வீடானது. இங்கிலாந்தின் ரொதம்ஸ்டட் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து வந்த ஈடன் என்பவர் 1930களில் அங்கே பசளைப் பரிசோதனைகள் நடத்தினார். மலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் வெவ்வேறு அளவு போட்டு, கொழுந்தை நிறுத்துப் பார்த்தார்கள். தேயிலையின் விளைச்சலைத் தள்ளுவது முதலில் நைதரசன்தான் என்பது எண்களில் உறுதியானது. யாரோ ஒரு துரையின் அனுபவம் என்ற நிலை மாறி, அளந்து பார்த்த அறிவாகப் பசளை மாறியது அப்போதுதான்.

*காற்றில் இருந்து வந்த மூடை*

இந்த நைதரசன் எங்கிருந்து வந்தது? 1909இல் ஜேர்மனியில் ஹேபர் என்ற விஞ்ஞானி காற்றில் உள்ள நைதரசனை ஐதரசனோடு சேர்த்து அமோனியா ஆக்கிக் காட்டினார். 1913இல் போஷ் அதைப் பெரிய தொழிற்சாலையாக்கினார். அமோனியம் சல்பேட் நம் மலைக்கும் ஏறியது. பிறகு யூரியா வந்தது. 1950களுக்குப் பின் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஒட்டு இனத் தேயிலைகள், போட்டால் போட்ட அளவுக்குக் கொழுந்து கொடுத்தன. மாட்டுப்பட்டிகள் மெல்ல மெல்ல வெறுமையாகின. பசளை என்றால் மூடை என்றானது.

மூடை என்றால் டொலர். 1980களின் தொடக்கத்தில் சப்புகஸ்கந்தையில் அரசாங்கம் ஒரு யூரியாத் தொழிற்சாலை நடத்திப் பார்த்தது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் சில வருடத்திலேயே மூடப்பட்டது. எப்பாவலவில் 1971இல் கண்டெடுத்த பொஸ்பேட் பாறை மட்டும் நம் நாட்டுச் சொத்தாக இன்றும் தேயிலைக்குப் போகிறது. நைதரசனுக்கும் பொட்டாசியத்துக்கும் வெளிநாட்டுக் கப்பலைத்தான் பார்த்திருக்கிறோம்.

*2021: சோற்றை நிறுத்திய வருடம்*

2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி ஒன்று வந்தது. இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. நாடு முழுவதும் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்பது அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் திட்டம்.

சேதனப் பசளை நல்லது என்பதில் நமக்கு மறுப்பில்லை. மண்ணைப் பொலபொலப்பாக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், புழுவும் கிருமியும் வாழ இடம் கொடுக்கும். திருவள்ளுவரே உழவு அதிகாரத்தில் உழுவதைவிட எருவிடுதல் நன்று என்றுதான் சொல்கிறார். 11ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் தொலேதோவில் வாழ்ந்த இப்னு பஸ்ஸால் எருக்களை வகை பிரித்து, எது சூடு, எது குளிர்ச்சி என்று எழுதினார். அவருக்குப் பின் செவில்லில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் தன் விவசாய நூலில் மண்ணுக்கும் எருவுக்கும் தண்ணீருக்கும் தனித்தனி அத்தியாயம் வைத்தார். இரண்டு மரபிலும் எரு மண்ணுக்கு அவசியம்.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. ஒரு மூடை யூரியாவில் 23 கிலோ நைதரசன். நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசன் என்று வைத்தால், அதே 23 கிலோவுக்கு ஏறக்குறைய 1,500 கிலோ கூட்டெரு வேண்டும். ஒரு மூடைக்குப் பதிலாக 30 மூடை. அவ்வளவு கூட்டெரு நாட்டில் எங்கே இருந்தது? இருந்தாலும் அதைச் சரிவில் யார் ஏற்றுவது? மாட்டுப்பட்டிகளை மூடிப் பல வருடம் கழித்து, ஒரே பருவத்தில் சாணத்தைத் தேடினார்கள்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். சீனாவில் இருந்து ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பலில் வந்த சேதனப் பசளையில் தீங்கான கிருமி இருப்பதாகச் சொல்லி இறக்க மறுத்தார்கள். கடைசியில் சுமார் 69 இலட்சம் டொலர் கட்ட வேண்டி வந்தது. ஒக்டோபரில் இந்தியாவில் இருந்து விமானத்தில் நனோ நைதரசன் திரவம் வந்தது. அதே ஒக்டோபரில் தேயிலைக்குத் தளர்வு, நவம்பரில் பொதுவாகத் தடை நீக்கம். ஆனால் அப்போது டொலர் இல்லை, உலகச் சந்தையில் விலையும் ஏறிவிட்டது. 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை, 2022இல் சுமார் 251 மில்லியன் கிலோவுக்கு இறங்கியது.

48 மில்லியன் கிலோ என்பது பத்திரிகைக்கு ஒரு எண். நம் லயத்தில் அது வேறு மாதிரி வந்தது. அதே 2021 மார்ச்சில்தான் நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்திருந்தது. முழுப்பேர் விழ வேண்டுமென்றால் தோட்டம் சொல்லும் கிலோ எடுக்க வேண்டும். பல இடத்தில் அது 18, 20 கிலோ. செடிக்குச் சோறு இல்லை, தளிர் இல்லை, கொழுந்து மங்குகொழுந்து. நாள் முழுக்க மலை ஏறி இறங்கினாலும் கிலோ காணாது. அப்போது அரைப்பேர். செடியின் பசி நேரே வீட்டு அடுப்புக்கு வந்த வருடம் அது. பசளை இல்லாததற்குக் கொழுந்து எடுத்த கை எப்படிப் பொறுப்பாகும் என்ற கேள்விக்கு இன்றுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

*எப்போது போடுவது?*

இந்த வரலாற்றில் இருந்து நம் பாத்திக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்?

முதலாவது, ஈரம். பசளை கரைந்தால்தான் வேர் குடிக்கும். காய்ந்த மண்ணில் போட்டால் வேர் கருகும், யூரியாவும் ஆவியாகிப் போகும். கொட்டும் மழையில் போட்டால் கானோடு ஓடி பூண்டுலோயா ஆற்றில் விழுந்து கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகும். நமக்கு நல்ல காலம் சித்திரை மழை பிடித்து மண் நனைந்த பிறகும், தென்மேல் மழை ஓய்ந்த பிறகு ஐப்பசி, கார்த்திகையிலும்தான். தை, மாசி வறட்சியிலும், ஆனி, ஆடிப் பெருமழையிலும் கையைக் கட்டிக்கொள்வது நல்லது.

இரண்டாவது, கொஞ்சம் கொஞ்சமாக. தேயிலைக்கே வருடப் பசளையை நாலைந்து தவணையாகப் பிரித்துத்தான் போடச் சொல்கிறார்கள். நாமும் ஒரு மாதச் சாப்பாட்டை ஒரு வேளையில் சாப்பிடுவதில்லையே. லீக்ஸ், கோவாவுக்கு நடும்போது மக்கிய எரு, பிறகு இரண்டு மூன்று தடவை சிறிதளவு மேற்பசளை போதும்.

மூன்றாவது, இடம். தண்டோடு ஒட்டிப் போடக் கூடாது. இலை விரிந்திருக்கும் அளவுக்குச் சுற்றிப் போட்டு இலேசாக மண்ணை மூட வேண்டும். குடிக்கும் வேர்கள் அங்கேதான் இருக்கின்றன.

நாலாவது, சேர்க்கை. டொலமைட்டையோ சுண்ணாம்பையோ யூரியாவோடு சேர்த்துப் போட்டால் நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் சில வாரம் இடைவெளி வேண்டும். அடுப்புச் சாம்பல் போஞ்சிக்கும் கோவாவுக்கும் நல்லது. புளிப்பு மண்ணை விரும்பும் தேயிலைக்கு அதை அள்ளிக் கொட்டக் கூடாது.

ஐந்தாவது, போதும் என்ற மனம். நுவரெலியாப் பக்க மரக்கறித் தோட்டங்களில் வருடக் கணக்காகக் கொட்டிய பசளையால் மண்ணில் பொஸ்பரஸ் தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டது என்று மண் பரிசோதனைகள் காட்டுகின்றன. பட்டினியும் கெடுதி, அஜீரணமும் கெடுதி.

*இனி மூடையை யார் வாங்குவது?*

1970களில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்கு வந்தது. இப்போது சில இடங்களில் தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் காசு கொடுக்கும் வெளியாள் உற்பத்தி முறை பேசப்படுகிறது, நடக்கவும் செய்கிறது. நல்லதா கெட்டதா என்று பலர் வாதாடுகிறார்கள். நாம் ஒரு கேள்வியை மட்டும் முன்வைக்கிறோம். பசளை மூடைக்கான காசு யாருடையது? அதை உடன்படிக்கையில் எழுதியிருக்கிறார்களா?

நம் மார்க்கத்தில் விளைச்சலுக்கான ஸகாத்தில் ஒரு நுட்பம் உண்டு. மழைநீரில் தானாக விளைந்ததற்குப் பத்தில் ஒன்று. பாடுபட்டு நீர் இறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒன்று. பயிரை வளர்க்க ஒருவர் போட்ட உழைப்பையும் செலவையும் பார்த்த பிறகே அவருடைய பங்கு கணக்கிடப்படுகிறது. எந்த மதத்தவரும் ஏற்கக்கூடிய நியாயம் இது. மலைக்குச் சோறு போடுகிறவருக்கு அந்தச் செலவைக் கழித்த பிறகு பங்கு வேண்டும். இல்லையென்றால் செலவைக் குறைக்க அவர் பசளையை நிறுத்துவார், செடி சோரும், மண் சோரும், கோப்பிக் காலத்துக் கதை திரும்ப வரும்.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் தோட்டத்தில் மாட்டுப்பட்டி எந்த இடத்தில் இருந்தது, எருவை எப்படித் தூக்கினார்கள், முதல் பசளை மூடையை எப்போது பார்த்தார்கள், 2021இல் வீட்டில் எத்தனை அரைப்பேர் விழுந்தது. ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். துரைமார் எழுதிய அறிக்கைகள் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. எருக்கூடையைத் தூக்கியவர்களின் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.